சராசரியாரின் உடம்புச் சூடு

உடல்தகுதி நிர்ணய நிலையத்தின் வாசலில் ஓர் ஆள் நிற்கிறார். அட்டையில் செய்த ஆள். நல்ல உயரம், அகலமான மார்பு, முகத்தில் கண், மூக்கு எதுவும் கிடையாது. பல வருஷங்களுக்கு முன்னால் தீயணைப்புத் துறையில் சேர வந்த இளைஞர்களை எல்லாம் ஓட வைத்து, வியர்க்க வைத்து, அளந்து, கூட்டி, வகுத்ததில் கிடைத்த ஆள் அவர். நிலையத்தில் அவருக்குப் பெயர் சராசரியார். 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அது' என்று யாராவது சொல்லிவிட்டால் இயக்குநருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவருடைய நாடித்துடிப்பு, மூச்சு, உடம்புச் சூடு எல்லாவற்றையும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ஊரில் எங்கே நெருப்புப் பிடித்தாலும் அதற்குள் யார் போகலாம், யார் போகக் கூடாது என்று தீர்மானிக்கிறவர் இந்த அட்டை மனிதர்தான்.

இவரிடம் மாட்டிக்கொண்டவள் பெயர் குழாய்க்காரி. குழாயடிச் சண்டைக்குப் போகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். தீயணைப்பு வண்டியின் குழாயை முன்னால் பிடித்துக்கொண்டு எரிகிற வீட்டுக்குள் நுழைகிறவள். தண்ணீர் வேகம் எடுத்ததும் அந்தக் குழாய் கட்டவிழ்த்த காளை மாதிரி துள்ளும். பின்னால் ஒருவர் தோள் கொடுத்து அழுத்திப் பிடித்தால்தான் அடங்கும். அந்தப் பின்தோள் இன்னொரு பெண். வயதில் மூத்தவள் என்பதால் தீயணைப்பு நிலைய அதிகாரி உட்பட எல்லோரும் அவளை அக்கா என்பார்கள். தனி ஆளாக யாரும் நெருப்புக்குள் போகக் கூடாது என்பது தீயணைப்பில் முதல் பாடம். இவர்கள் இருவரும் எப்போதும் ஒன்றாகத்தான் உள்ளே போனார்கள், ஒன்றாகத்தான் வெளியே வந்தார்கள். வரும்போது பெரும்பாலும் மூன்றாவதாக ஒருவரையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

குழாய்க்காரிக்கு ஒரு மகள். ஒன்று போதும் என்று அவளும் தச்சு வேலை செய்யும் அவள் கணவனும் முடிவெடுத்திருந்தார்கள். பிள்ளை மேல் ஆசை இல்லாமல் இல்லை. வயிற்றில் பிள்ளை இருந்தால் வண்டியில் ஏற்ற மாட்டார்கள், பெற்றுவிட்டுத் திரும்பி வந்தால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான். மகள் பிறந்தபோது போன இடத்தைத் திரும்பப் பிடிக்க அவள் பட்ட பாடு நாய் படாது. அதனால் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கருத்தடை மாத்திரை போட்டுக்கொள்வாள். வேலையைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத்தான் அவள் அதை விழுங்கினாள். இதை நீங்களாவது ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரப்போகும் பெரிய மனிதர்கள் யாருக்கும் அது ஞாபகம் இருக்காது.

போன வருஷம் வரை தகுதிச் சோதனை என்றால் மாடிப்படி ஏறிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இந்த வருஷம் நிலையம் புதிதாக ஒரு வெப்ப அறை கட்டியது. ஊழியர்கள் அதை அடுப்பு என்றார்கள். முழுக் கோட்டும் ஹெல்மெட்டும் மாட்டி, முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டி, உள்ளே ட்ரெட்மில்லில் நடக்க விடுவார்கள். உடம்புக்குள் இருக்கும் சூட்டை அளக்க, விழுங்குகிற மாதிரி ஒரு குட்டிக் கருவி கொடுப்பார்கள். சராசரியாரின் உடம்பு தாங்கிய எல்லையை அந்தச் சூடு தொட்டால் மணி அடிக்கும், ட்ரெட்மில் நின்றுவிடும். குறித்த நேரத்துக்கு முன்னால் மணி அடித்தால் தோல்வி. தோற்றவர் கோட்டையும் ஹெல்மெட்டையும் ஒப்படைத்துவிட்டு, வருகிற அழைப்புகளை எடுக்கத் தீயணைப்பு நிலையத்துத் தொலைபேசி அறையில் போய் உட்கார வேண்டும்.

குழாய்க்காரி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். மணி அடித்தது.

"என்னாச்சு, கரண்டு போச்சா?" என்று கேட்டாள்.

"நீங்க ஃபெயில்மா," என்றார் வெளியே கணினி முன்னால் இருந்தவர்.

"எனக்கு இன்னும் மூச்சுகூட வாங்கலையே!"

"மூச்சு பக்கத்து ரூம்ல பாப்பாங்க. நாங்க சூடு மட்டும்தான்."

இயக்குநரின் அறைக்கு அழைத்துப் போனார்கள். பக்கத்தில் புள்ளிவிவரக்காரர் உட்கார்ந்திருந்தார். இயக்குநர் மிகவும் மரியாதையான மனிதர். கெட்ட செய்தியை எல்லாம் நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் சொல்வார்.

"நீங்க நடக்க ஆரம்பிக்கும்போதே அவரைவிடக் கொஞ்சம் சூடா இருந்திருக்கீங்க," என்றார்.

"எவரைவிட?"

இயக்குநர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். அட்டை மனிதர் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார்.

"காய்ச்சலா? ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?"

அவள் சொன்னாள். இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். புள்ளிவிவரக்காரர் ஜன்னலைப் பார்த்தார். வெடிகுண்டு இருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூட இருவரும் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டார்கள்.

"அந்த மாத்திரையா?" என்றார் இயக்குநர், குரலைத் தாழ்த்தி. "அதுல இருக்கற ஹார்மோன் உடம்புச் சூட்டைக் கொஞ்சம் மேல தூக்கி வச்சிடும். நோயெல்லாம் இல்ல. பயப்படாதீங்க."

"நான் எங்க சார் பயந்தேன்? நோய் இல்லன்னா அப்பறம் எதுக்கு ஃபெயிலு? நான் ஆரம்பிச்ச இடத்துலேர்ந்து எவ்வளவு ஏறுச்சுன்னு பாருங்களேன். மேஜை மேல ஏறி நிக்கறவளையும் தரையில நிக்கறவனையும் சேத்து நிறுத்தி, இவ உயரம் ஜாஸ்தின்னா எப்படி?"

"நல்ல யோசனை. ஆனா அதுக்கு ஆராய்ச்சி வேணும்."

"பண்ணுங்க சார்."

புள்ளிவிவரக்காரர் தொண்டையைச் செருமினார். "மாத்திரை சாப்பிடற பொம்பளைங்களை நாங்க ஆராய்ச்சியில சேக்கறதில்லம்மா. மாத்திரை கணக்கைக் கெடுத்துடும்."

"சரி, சாப்பிடாதவங்க?"

"அவங்களையும் சேக்கறதில்ல. மாசத்துல பாதி நாள் சூடு ஏறும், பாதி நாள் இறங்கும். கணக்கு ஒரு இடத்துல நிக்காது."

"அப்ப எந்தப் பொம்பளையை வச்சுத்தான் பாத்தீங்க?"

"அப்படிச் சொல்லாதீங்க," என்றார் இயக்குநர். அவர் முகத்தில் உண்மையான பெருமை தெரிந்தது. "பெண்களைப் பத்தி ரொம்ப விரிவான ஆராய்ச்சி பண்ணியிருக்கோம். பன்னிரண்டு ஆம்பளைங்களை வச்சு."

"சின்ன ஆம்பளைங்க," என்று திருத்தினார் புள்ளிவிவரக்காரர். "உயரம் கம்மியா இருக்கறவங்களாப் பாத்துப் பொறுக்குனோம்."

நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். இங்கே நாயையும் கல்லையும் சேர்த்து வெளியே துரத்திவிட்டு, இரண்டும் வரவே இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். குழாய்க்காரிக்கு இப்படியெல்லாம் சொல்லத் தோன்றவில்லை. அவள் இயக்குநரின் முகத்தையும் புள்ளிவிவரக்காரரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கடைசியில் இயக்குநரே ஒரு வழி சொன்னார். மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடியும் சோதனைக்கு வரலாம். அதற்குக் கணவன் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

தச்சன் வந்தான். சட்டையில் மரத்தூள் ஒட்டியிருந்தது. அவனுக்கு டீ கொடுத்தார்கள். அவளுக்கு இதுவரை யாரும் கொடுக்கவில்லை.

"மாத்திரையை நிறுத்தறதுக்கு உங்க சம்மதம் வேணும்," என்றார் இயக்குநர்.

"எங்கிட்ட எதுக்கு சார் கேக்கறீங்க? எரியற வீட்டுக்குள்ள போறதுக்கே அவ எங்கிட்ட கேட்டதில்ல."

"அது வேலை. இது குடும்பம்."

"குடும்பமும் அவளும் நானும் சேந்துதான் சார். நீங்க எப்ப நடுவுல வந்தீங்க?"

இயக்குநர் சிரித்தார். ஆண்களின் நகைச்சுவையை அவர் எப்போதும் ரசிப்பார். தச்சன் போகும்போது, மாத்திரை நிறுத்தியிருக்கும் நாட்களில் இருவரும் 'ஐயத்துக்கு இடமின்றி' விலகி இருக்க வேண்டும், கரு தரித்துவிட்டால் சோதனைக் கட்டணம் வீண் என்றார். தச்சன் அன்றைக்கே பாயையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டான். அப்பா ஏன் கடையில் படுக்கிறார் என்று மகள் கேட்டாள். அரசாங்க உத்தரவு என்றாள் குழாய்க்காரி. வேறென்ன சொல்வது?

நிலையம் ஒரு தேதி கொடுத்தது. போனாள். நடந்தாள். மணி அடித்தது.

"அடடா, போன வாரம் வந்திருக்கணும்மா," என்றார் புள்ளிவிவரக்காரர், நிஜமான வருத்தத்தோடு. "மாசத்துல ரெண்டாவது பாதிக்கு வந்துட்டீங்க. இப்ப உங்க உடம்பு தானாவே சூட்டை ஏத்திக்கும்."

"தேதி நீங்கதானே குடுத்தீங்க?"

"எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? அதெல்லாம் பொம்பளைங்ககிட்ட நாங்க கேக்கறதில்ல. நாகரிகம்னு ஒண்ணு இருக்கில்ல?"

உடம்புக்குள் கருவியை அனுப்பலாம், படுக்கையறையிலிருந்து புருஷனை வெளியே அனுப்பலாம், மாதவிலக்கு எப்போது என்று மட்டும் கேட்கக் கூடாது. நாகரிகம்! எனக்கு இதை எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. அவள் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் அவளுக்காக இன்னும் ஒரு படி இறங்கி வந்தார். "ஒண்ணு பண்ணலாம். மாசத்துல முதல் பாதியில வர்ற தீ விபத்துக்கு மட்டும் உங்களை அனுப்பச் சொல்லி எழுதறேன்."

"நெருப்புகிட்ட யார் சார் சொல்றது?"

"அது தீயணைப்புத் துறை பாத்துக்கணும்."

அவளைத் தொலைபேசி அறைக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனால் நிலைய அதிகாரிக்குக் குழாய் பிடிக்க வேறு ஆள் இல்லை. அவர் யாரையும் எதிர்த்துப் பேசியறியாத மனிதர். அவரே மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் நிபுணர் குழு போட்டது. குழுவில் ஐந்து பேர், ஐந்து பேரும் ஆண்கள், மேஜை மேல் ஐந்து தட்டு பிஸ்கட்டு. குழாய்க்காரியும் அக்காவும் எதிரே நின்றார்கள். அக்கா முதல் தடவையே தேறியிருந்தாள். துணைக்குத்தான் வந்தாள், ஆனால் வாயை மூடிக்கொண்டு நிற்கிற ஜாதி இல்லை அவள்.

"நான் மாத்திரை சாப்பிடறதில்ல. நான் பாஸ்," என்றாள் அக்கா. "ஏன் தெரியுமா? நீங்க குடுத்த தேதி எனக்கு நல்ல வாரத்துல விழுந்துச்சு. பத்து நாள் தள்ளிக் கூப்பிட்டிருந்தா நானும் ஃபெயிலு. இது பரீட்சையா, லாட்டரிச் சீட்டா?"

குழு பிஸ்கட்டை நிறுத்தியது. இயக்குநர் எழுந்து பதில் சொன்னார். அந்தப் பேச்சை அவர்களே பிறகு அச்சிட்டு எல்லா நிலையங்களுக்கும் அனுப்பினார்கள், அதனால் அப்படியே தருகிறேன்.

"பெண்களின் உடலை நாங்கள் ஆராயவில்லை என்று குற்றம் சாட்டுகிறார்கள். மதிப்பின் காரணமாகவே ஆராயவில்லை. பெண்ணின் உடல் மிகவும் நுட்பமானது, சிக்கலானது. சிக்கலான ஒன்றைப் புரிந்துகொள்ள முயன்று தவறு செய்வதைவிட, புரிந்துகொள்ளாமலே சரியாக முடிவெடுப்பது மேல் என்பதே இந்த நிலையத்தின் கொள்கை. பெண்களின் பாதுகாப்புக்காகவே அவர்களைப் பற்றி இத்தனை ஆண்டுகள் ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கிறோம். அதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாது."

நான்கு பேர் கைதட்டினார்கள். ஐந்தாமவர் வாயில் பிஸ்கட்டு இருந்ததால் மேஜையைத் தட்டினார். ஆனாலும் லாட்டரிச் சீட்டு என்ற வார்த்தை வெளியே போய்விட்டால் அசிங்கம் என்று குழுவுக்குப் பட்டது. ஆகவே சராசரிப் பெண் ஒருத்தியை உடனே உருவாக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

பலரை அளக்க நேரமில்லை, நிதியாண்டு முடியப்போகிறது. ஒருத்தி போதும் என்றார் புள்ளிவிவரக்காரர். யார் சூடு மாதம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி நிற்கும்? தினமும் ஹார்மோன் மாத்திரை போடுகிறவளுடையது. நேற்று வரை கணக்கைக் கெடுத்த மாத்திரை இன்றைக்குக் கணக்கைக் காப்பாற்ற வந்த தெய்வமாகிவிட்டது. குழாய்க்காரியை மறுபடியும் மாத்திரை சாப்பிடச் சொன்னார்கள். தச்சன் பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பினான்.

பிறகு அவளை அளந்தார்கள். அடுப்பில் நடக்க வைத்து, நிற்க வைத்து, எடை தூக்க வைத்து, வியர்வையைத் துடைத்துப் பஞ்சோடு எடை போட்டு, அளந்துகொண்டே இருந்தார்கள். அவளும் சலிக்காமல் போனாள். தன்னால் மற்றப் பெண்களுக்கு வழி பிறக்கும் என்று நம்பினாள். பாவம், அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். சராசரியாருக்குப் பக்கத்தில் ஒரு சராசரியம்மா வந்து நின்றாள், மரியாதைக்காக அரையடி பின்னால் தள்ளி. இயக்குநர் கேக் வெட்டினார். அன்றைக்கே குழாய்க்காரிக்குச் சோதனை வைத்தார்கள். அவள் அவளைப் போலவே இருந்ததால் தேறிவிட்டாள்.

அடுத்த வாரம் அக்காவைக் கூப்பிட்டார்கள். புதிய அளவுகோலில் எண் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அக்கா முழு நேரமும் நடந்து முடித்தாள். மணி அடிக்கவே இல்லை. இறங்கி வந்தவளிடம் தோல்வி என்றார்கள்.

"உங்க சூடு சராசரியம்மாவைவிடக் கம்மியா இருக்கு," என்றார் புள்ளிவிவரக்காரர். "சரியா முயற்சி பண்ணலைன்னு அர்த்தம்."

"எனக்கு வியர்வை சொட்டுது. முயற்சி பண்ணலையா?"

"அந்த மாத்திரையைச் சாப்பிட்டுட்டு வாங்க. சரியாயிடும்."

அக்கா ஒரு தடவை காலில் ரத்தம் உறைந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்திருக்கிறாள். அந்த மாத்திரையைக் கையால்கூடத் தொடாதே, போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதைச் சொன்னாள்.

"அது மருத்துவப் பிரச்சினை," என்றார் இயக்குநர். "நாங்க உடல்தகுதி மட்டும்தான் பாக்கறோம்."

செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டுகிற கடையில், கால் வேண்டும் என்று அக்கா அடம்பிடித்தாள். அதனால் கோட்டு, ஹெல்மெட், மாஸ்க் எல்லாவற்றையும் வாங்கிக் கிடங்கில் வைத்துப் பூட்டிவிட்டு அவளைத் தொலைபேசி அறைக்கு அனுப்பினார்கள்.

குழாய்க்காரி அன்று மாலையே இயக்குநரின் அறைக்குள் நுழைந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை, அவளும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

"என் பின்னாடி தோள் குடுக்கறவளை எடுத்துட்டீங்க. என் உடம்பை வச்சே அவளை ஃபெயிலாக்கிட்டீங்க. என் உடம்பைத் திருப்பிக் குடுங்க சார். எனக்கு இந்தப் பெருமை வேணாம்."

"அதுக்கு ஏற்பாடு இல்லம்மா. நீங்க இப்ப தனி மனுஷி இல்ல. துறையோட அளவுகோல். உங்களை நீங்க பத்திரமாப் பாத்துக்கணும். எடை கூடக் கூடாது, இளைக்கக் கூடாது, கோபப்படக் கூடாது. இப்பக்கூட பாருங்க, உங்க முகம் சிவந்திருக்கு. அளவு மாறிடும்."

"அக்கா?"

"அவங்க விதிவிலக்கு."

"உங்களுக்கு யார் சார் விதி? ஒவ்வொருத்தியும் விதிவிலக்குதானே?"

"அதைத்தான் நாங்க ஆரம்பத்துலேர்ந்து சொல்லிட்டு வர்றோம்," என்றார் இயக்குநர், ஒருவழியாக அவளுக்குப் புரிந்துவிட்டதே என்ற நிம்மதியுடன்.

அந்த மாதம் மருந்துக்கடையில் அவளுடைய மாத்திரை வரவில்லை. வேறு கம்பெனி மாத்திரை ஒன்றைக் கொடுத்தார்கள், அதே வேலையைத்தான் செய்யும் என்றார்கள். செய்தது. ஆனால் அதில் இருந்த ஹார்மோன் வேறு வகை, அளவும் வேறு. அளவுகோல் ஒழுங்காக இருக்கிறதா என்று சரிபார்க்க நிலையம் அவளைக் கூப்பிட்டது. அடுப்பில் நடந்தாள். புள்ளிவிவரக்காரர் எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு எழுந்து போய் இயக்குநரை அழைத்து வந்தார்.

"நீங்க உங்களை மாதிரி இல்லம்மா," என்றார் இயக்குநர்.

"என்னது?"

"சராசரியம்மாவுக்கும் உங்களுக்கும் பொருந்தல. ரொம்ப வருத்தமா இருக்கு. உங்களை நம்பித்தான் அவங்களை உருவாக்குனோம்."

"அப்ப அந்த அட்டையை மாத்துங்க! நான்தானே அது!"

"அவங்க நிலையா இருக்காங்க. மாறுனது நீங்கதான்."

குழாய்க்காரியின் கோட்டும் கிடங்குக்குப் போனது. தொலைபேசி அறையில் இன்னொரு நாற்காலி போட்டார்கள். அக்கா தன்னுடைய தண்ணீர் பாட்டிலை நகர்த்தி மேஜையில் அவளுக்கு இடம் செய்து கொடுத்தாள்.

மத்தியானம் ஒரு அழைப்பு வந்தது. கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் மாடி வைத்த தையல் கொட்டகையில் நெருப்பு. வண்டி கிளம்பிவிட்டது. நிலைய அதிகாரி, ஓட்டுநர், குழாய் பிடிக்கக் கடனாக வந்த ஒருவன், அவ்வளவுதான் ஆள். அடுத்த அழைப்பு கொட்டகையின் மாடியிலிருந்து வந்தது. குழாய்க்காரி எடுத்தாள்.

"எல்லாரும் இறங்கிட்டாங்க. நான் மேல துணி எடுக்க வந்தேன்," என்றாள் ஒரு பெண். இருமினாள். "படிக்கட்டு முழுக்கப் புகை."

"தரையோட படுத்துக்கோங்கம்மா. கையில இருக்கற துணியைக் கதவு இடுக்குல அடைங்க. வண்டி வந்திடுச்சு, உங்க வாசல்லதான் நிக்குது."

"சத்தம் கேக்குது. ஏன் யாரும் மேல வரல?"

பக்கத்து வயர்லெஸ்ஸில் நிலைய அதிகாரியின் குரல் உடைந்து உடைந்து கேட்டது. குழாய்க்குப் பின்தோள் இல்லை, ஓட்டுநர் பம்பை விட்டு வர முடியாது, வெளியே நின்று நடத்துகிற தானும் நகர முடியாது, உள்ளே போக இரண்டு பேர் இல்லை, அடுத்த நிலையத்து வண்டி வர வேண்டும், எங்கே அந்த வண்டி என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கிடங்குக் கதவில் இரும்புக் கம்பி மோதும் சத்தம் கேட்டது. பூட்டு உடைந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டே தெருவில் ஓடினாள். காய்கறி ஏற்றிப்போன வேன் ஒன்றை மறித்து ஏறினாள். குழாய்க்காரி எழவில்லை. அவளால் முடியவில்லை. ரிசீவரை வைத்தால் அந்தப் பெண் தனியாகிவிடுவாள்.

"வர்றாங்கம்மா. இதோ வர்றாங்க. பேசிட்டே இருங்க. வீட்ல யாரு இருக்கா?"

"பையன் இருக்கான். ஸ்கூல் விட்டு வந்துடுவான்." இருமல். "நீங்க வருவீங்களா?"

"நான்..." என்றாள் குழாய்க்காரி. "ஆமாம்மா. நான் வர்றேன்."

அவள் உடம்பு நன்றாகத்தான் இருந்தது. கை, கால், தோள், நெஞ்சு எல்லாம் நன்றாக இருந்தன. அந்த மாடிப்படியை ஏறி இறங்கும் பலம் அத்தனையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. எதிர்முனையில் இருமல் கேட்டது, பிறகு துணி உரசுவது போல ஏதோ கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அக்கா போய்ச் சேர்ந்தபோது கூரை இறங்கிவிட்டது. திரும்பி வந்து தொலைபேசி அறை வாசலில் நின்றவள், குழாய்க்காரி இன்னமும் ரிசீவரைக் காதில் வைத்திருப்பதைப் பார்த்து, அதை மெதுவாக வாங்கி வைத்தாள். பூட்டை உடைத்ததற்கு அக்காவிடம் விளக்கம் கேட்டு மறுநாள் கடிதம் வந்தது.

மாதக் கடைசியில் உடல்தகுதி நிலையத்தின் ஆண்டு விழா. துறையில் இருக்கிற எல்லோரும் கட்டாயம் வர வேண்டும். இயக்குநர் மேடையில் ஆண்டறிக்கை வாசித்தார்.

"பெண்களுக்கான புதிய அளவுகோலை நடைமுறைப்படுத்திய முதல் ஆண்டு இது. இந்த ஆண்டில் நமது வீராங்கனைகளில் ஒருவர்கூட வெப்பத்தால் மயங்கவில்லை. ஒருவருக்குக்கூடத் தீக்காயம் இல்லை. ஒருவருக்குக்கூடப் புகையால் பாதிப்பு இல்லை. நம் பெண்கள் இவ்வளவு பாதுகாப்பாக இதற்கு முன் எப்போதும் இருந்ததில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்டல் எழுந்தது. அது அடங்குவதற்குள் நடு வரிசையில் குழாய்க்காரி எழுந்து நின்றாள்.

"தையல் கொட்டகையில ஒரு அம்மா செத்துப்போனாங்க," என்றாள். மைக் இல்லாமலே அரங்கம் முழுக்கக் கேட்டது. "அவங்க பொம்பளை இல்லையா சார்?"

இயக்குநர் மேடையில் குனிந்து புள்ளிவிவரக்காரரிடம் ஏதோ கேட்டார். அவர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அவங்க நம்ம பணியாளர் இல்லம்மா," என்றார் இயக்குநர், மிகவும் கனிவாக. "அவங்களை நாங்க அளக்கல. கணக்குல வர மாட்டாங்க. உக்காருங்க, பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது பாருங்க."

பக்கத்தில் அக்கா எழுந்து நின்றாள். இரண்டு பேரும் உட்காரவில்லை.